மாண்ட்ரியல்: ஆரஞ்சுப் பலகையைப் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை, இப்போது காரைக் காணோம்

புதுக்குளிர் | ஞாயிறு காலை 8.50

எல்லாருக்கும் வணக்கம். கோவையிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. இதுதான் முதல் குளிர்காலம். கோட் தே நேஜ் பக்கம் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கார் நிறுத்தத் தனி இடம் கிடையாது, தெருதான். பழைய கொரோலா, வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை.

இன்று காலை கீழே இறங்கினால் கார் இல்லை. கார் மட்டுமா, நேற்று இடுப்பளவு இருந்த பனிக்குவியலும் இல்லை. தெரு கழுவி விட்ட மாதிரி கிடக்கிறது. நேற்று ராத்திரி அந்தக் குவியலில் ஒரு ஆரஞ்சுப் பலகையைக் குத்தி வைத்திருந்தது உண்மைதான். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒன்று நிற்கிறது, சாலை வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போலீசுக்குப் போக வேண்டுமா? கார் எங்கே இருக்கும்? அப்புறம் ஒரு சந்தேகம், ஒரே ஒரு காரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பனியை அள்ள இவர்களால் முடியாதா?

பார்க்_எக்ஸ் | காலை 9.15

தம்பி, பதற வேண்டாம். களவு போகவில்லை. பக்கத்துத் தெரு ஒன்றில் நிற்கும். பனி அள்ளும்போது இழுக்கிற வாகனங்களைப் பெரும்பாலும் தூரத்து வாகனக் காப்பிடத்துக்குக் கொண்டு போவதில்லை, ஏற்கெனவே அள்ளி முடித்த தெருவில் கொண்டு போய் விட்டுவிடுவார்கள். மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் ‘இன்ஃபோ ரெமோர்காஜ்’ என்று இருக்கிறது, நம்பர் பிளேட்டைப் போட்டால் எந்த இடம் என்று காட்டும். இல்லாவிட்டால் 311க்கு அடியுங்கள். கண்ணாடியில் அபராத ரிக்கற் செருகியிருக்கும், அதையும் மனதைத் தேற்றிக்கொண்டு எடுங்கள்.

அந்தப் பலகையைப் பற்றி. அதில் நேரம் போட்டிருக்கும். காலை 7 முதல் மாலை 7 என்றால் பகலில் அள்ளப் போகிறார்கள், மாலை 7 முதல் காலை 7 என்றால் இரவில். அந்த நேரத்துக்குள் அந்தப் பக்கத்தில் ஒரு வாகனமும் நிற்கக் கூடாது. அள்ளத் தொடங்கும் முன் இழுக்கிற லொறி சைரன் அடித்துக்கொண்டு தெருவில் வரும். அதுதான் கடைசி எச்சரிக்கை. நான் வந்து முப்பது வருசத்துக்கு மேல். அந்தச் சத்தம் கேட்டால் இப்போதும் நித்திரையிலேயே சப்பாத்தைத் தேடுவேன்.

புதுக்குளிர் | காலை 10.40

கிடைத்துவிட்டது! நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிற்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. அபராதமும் இழுத்த கூலியும் சேர்த்தால் எனக்கு ஒரு மாத மளிகை.

சைரன் கேட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் என்று நினைத்து, பாவம் யாருக்கோ முடியவில்லை போல என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

லவால்_அக்கா | காலை 11.05

திரும்பிப் படுத்ததை வாசித்துவிட்டு வீட்டில் எல்லாரும் சிரித்தோம், கோபிக்க வேண்டாம் தம்பி. முடியாமல் போனது உங்களுக்குத்தான்.

இரவு_லொறி | ஞாயிறு மாலை 4.20

நித்திரையால் இப்போதுதான் எழும்பினேன். ஐந்து வின்டராக ஒரு ஒப்பந்தக்காரரிடம் பனி லொறி ஓட்டுகிறேன். “சுற்றிக்கொண்டு போக முடியாதா” என்ற கேள்விக்கு லொறிக்குள்ளே இருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். இங்கே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று தள்ளுவது, மற்றது அள்ளுவது. இரண்டரை செ.மீ. விழுந்தாலே தள்ளுகிற வண்டிகள் இறங்கிவிடும். அதற்கு உங்கள் காரை எடுக்கத் தேவையில்லை, நடுத்தெருவால் போய்ப் பனியை இரண்டு பக்கமும் வரப்புப் போல ஒதுக்கிவிட்டுப் போய்விடும். அந்த வரப்புக்குள் உங்கள் கார் புதைந்தால் அது உங்கள் பாடு, சவளை (பனி அள்ளும் மண்வெட்டியை) எடுக்க வேண்டியதுதான். 10, 15 செ.மீ. அளவில் சேர்ந்த பிறகுதான் அள்ளுகிற வேலைக்கு உத்தரவு வரும். அப்போதுதான் ஆரஞ்சுப் பலகை.

அள்ளுவது ஒரு ஊர்வலம் மாதிரி. முன்னால் சின்னச் சங்கிலி வண்டி நடைபாதையில் உள்ள பனியைத் தெருவுக்குத் தள்ளும். பின்னால் கிரேடர்கள் (நீளத் தகடு பூட்டிய வண்டிகள்) எல்லாவற்றையும் ஒரே வரியாகக் கூட்டும். அதற்குப் பிறகு ஊதுவண்டி. அது பனியை வாயால் விழுங்கிக் குழாயால் லொறிக்குள் துப்பும். நாங்கள் அதற்குப் பக்கத்தில் நடை வேகத்தில் ஊர வேண்டும், ஒரு லொறி நிறைந்ததும் அடுத்த லொறி அந்த இடத்துக்கு வந்துவிடும், ஊதுவண்டி நிற்காது. இந்த ஊதுவண்டியே கியூபெக்காரன் கண்டுபிடித்தது என்று கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும். ஆர்தர் சிக்கார் என்பவர் 1925இல் செய்தார், 1927இல் ஊத்ரெமோன் நகரம் முதல் வண்டியை வாங்கியது.

இப்போது நடுவில் உங்கள் கொரோலா நிற்கிறது என்று வையுங்கள். கிரேடர் சுற்றிக்கொண்டு போகும். காருக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு கார் நீளத்துக்குப் பனி அப்படியே நிற்கும். அது இறுகி உறைந்து கல்லாகிவிடும். அடுத்த முறை வருகிற நடைபாதை வண்டி அதில் ஏறிச் சரியும். ஒரு காருக்காகப் பின்னால் பதினைந்து லொறி நிற்கும். அதனால்தான் இழுக்கிறார்கள்.

புதுக்குளிர் | மாலை 4.55

இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. அள்ளிய பனியை எங்கே கொட்டுகிறீர்கள்? ஆற்றிலா?

இரவு_லொறி | மாலை 5.10

முந்திய காலத்தில் சென் லோரான் (செயின்ட் லாரன்ஸ்) ஆற்றில்தான் கொட்டினார்கள். உப்பு, எண்ணெய், குப்பை எல்லாம் சேர்ந்த பனி அது, அதனால் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு பகுதி சாக்கடைக் குழிகளுக்குள் போகிறது. கழிவுநீரின் சூட்டிலேயே கரைந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். மிச்சம் கிடங்குகளுக்கு. பெரியது சென் மிஷேலில் இருக்கிற பிரான்கோன் கல்லுடைத்த பள்ளம். போய்ப் பார்த்தால் மலை என்றுதான் நினைப்பீர்கள். வெள்ளை மலை இல்லை, கறுத்த மலை. கோடை வந்து மக்கள் அரைக் காற்சட்டையோடு திரியும்போதும் அது அங்கே கிடக்கும்.

கணக்குப்பிள்ளை | மாலை 6.30

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஆத்திரப்படாமல் கேளுங்கள். மொன்றியல் இதற்கு வருசத்துக்கு ஏறக்குறைய 20 கோடி டொலர் செலவழிக்கிறது. ஒரு வின்டரில் சுமார் 3 லட்சம் லொறிப் பனி. ஏப்ரலில் தானாகவே கரையப் போகிற சாமானைக் காசு கொடுத்து லொறியில் ஏற்றி, இன்னொரு இடத்தில் கொண்டு போய் வைத்துக் கரைய விடுகிறார்கள். இதில் புத்தி எங்கே?

எங்கள் பக்கம் பெரும்பாலும் தள்ளிவிடுவதோடு சரி. உள் தெருக்களில் 8 செ.மீ. தாண்டினால்தான் வண்டியே வரும்.

பார்க்_எக்ஸ் | மாலை 6.50

தள்ளிவிடுவதோடு சரி என்று இருந்துதானே 1999 ஜனவரியில் உங்கள் மேயர் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டார்? மொன்றியல்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | மாலை 7.05

அந்தக் கதையை எடுப்பீர்கள் என்று தெரியும். :) அது இருபத்தைந்து வருசத்துக்கு முந்தியது அண்ணை.

பேஸ்மென்ட்வாசி | மாலை 7.20

அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2022 ஜனவரி 17, ரொறன்ரோவில் அரை மீற்றருக்கு மேல் கொட்டியது. நான் அப்போது ஸ்கார்பரோவில். பிறகு அங்கேயும் லொறி கொண்டு வந்து அள்ளத்தானே வேண்டி வந்தது? வரப்பு இரண்டு பக்கமும் வளர வளரத் தெரு ஒடுங்கும், தீயணைப்பு வண்டி போக முடியாது. கரையும் வரை காத்திருக்கலாம் என்பது டிரைவ்வே (வீட்டு வாசலில் சொந்தக் கார் நிறுத்துமிடம்) உள்ளவன் பேச்சு.

இப்போது பிராம்ப்டனில் இருக்கிறேன். இங்கே கதை வேறு. பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இரவு 2 மணியிலிருந்து காலை 6 வரை தெருவில் காரே நிற்கக் கூடாது, வருசம் முழுக்க. வீட்டுக்காரரின் டிரைவ்வேயில் மூன்று கார், மேலே அவர்கள் குடும்பம், கீழே நாங்கள். நான் இரவு வேலை முடித்து 3 மணிக்கு வந்தால் முன்னால் நிற்கிற காரை எடுக்கச் சொல்லி யாரை எழுப்புவது? ஒரு வருடத்துக்கு எண்ணி வைத்த சில இரவுகளுக்கு மட்டும் அனுமதி எடுக்கலாம். வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அடுப்பு எப்படி, குளியலறை எப்படி என்று இல்லை. “எனக்கு டிரைவ்வேயில் எத்தனையாவது இடம்?” அதைக் கேளுங்கள்.

லவால்_அக்கா | மாலை 7.45

டிரைவ்வே உள்ளவர்கள் ராஜாக்கள் என்று நினைக்க வேண்டாம். நான் முக்கால் மணி நேரம் சவள் போட்டு முடித்து உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றுவேன், அந்த நேரம் பார்த்துத் தள்ளுகிற வண்டி வந்து வாசலில் முழங்கால் உயர வரப்புக் கட்டிவிட்டுப் போகும். அது சாதாரணப் பனி இல்லை, தெருவில் கிடந்து இறுகிய பாறை. இப்போது சீசனுக்கு ஒரு தொகை கட்டி உழவு யந்திரக்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். வாசலின் இரண்டு பக்கமும் அடையாளத் தடி நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது அவர்களுக்குத்தான்.

புதிய ஆட்கள் செய்கிற பிழை ஒன்று: தங்கள் வளவுப் பனியை அள்ளித் தெருவில் எறிவது. அதற்கும் அபராதம் உண்டு. உங்கள் பனி உங்கள் புல்தரையில்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் வேலி ஓரம் குவித்துச் சண்டை வந்த இடங்களும் எனக்குத் தெரியும், எல்லைத் தகராறு ஊரோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்னொன்று. புதுக்குளிர் தம்பி, காருக்குக் குளிர்கால ரயர் போட்டாயிற்றா? கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம்.

புதுக்குளிர் | மாலை 8.00

போட்டுவிட்டேன் அக்கா. விற்றவரே போட்டுத் தந்தார். நடுவில் ஒரு சந்தேகம். கோட் தே நேஜ் என்றாலே பனி மேடு என்றுதான் அர்த்தமாமே? வாடகைக்குப் பார்க்கும்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா.

சிகாகோக்காரன் | இரவு 9.10

எங்கள் ஊர் நிலவரம். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, விடியற்காலை 3 முதல் 7 மணி வரை, 107 மைல் நீளத்துக்கு முக்கியச் சாலைகளில் கார் நிறுத்தத் தடை. ஒரு துளிப் பனி இல்லாவிட்டாலும் தடை தடைதான். வருடா வருடம் டிசம்பர் முதல் தேதி விடிந்தால் புதிதாக வந்தவர்கள் கூட்டம் ஒன்று காரைத் தேடி அலையும்.

உள் தெருக்களில்தான் வேடிக்கை. அங்கே யாரும் அள்ள வரமாட்டார்கள். இரண்டு மணி நேரம் முதுகு ஒடிய நாமே தோண்டி இடம் பண்ண வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்தால் வேறு எவனாவது அதில் நிறுத்தியிருப்பான். அதனால் இங்கே வழக்கம் என்னவென்றால், தோண்டிய இடத்தில் பழைய நாற்காலி, இஸ்திரி மேசை என்று எதையாவது போட்டுவிட்டுப் போவது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே சங்கதி. ‘டிப்ஸ்’ என்று பெயர். சட்டத்தில் இடமில்லை, ஆனால் நாற்காலியை நகர்த்திவிட்டு நிறுத்தினவன் கார் மறுநாள் நல்லபடியாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை | இரவு 9.30

அது நியாயம்தானே? உழுதவனுக்கு நிலம். இரண்டு மணி நேரம் தோண்டியவன் ஒருவன், சொகுசாக வந்து நிறுத்துகிறவன் இன்னொருவனா?

பார்க்_எக்ஸ் | இரவு 9.50

உழுதவனுக்கு நிலம் சரி, ஆனால் தெரு யாருடைய நிலம்? எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். அவரால் தோண்ட முடியாது. நாற்காலி போட்டுப் பிடிக்கிற ஊரில் அவர் வின்டர் முழுக்கக் காரை எடுக்காமல் இருக்க வேண்டியதுதான். இங்கே நாற்காலி வைத்தால் அள்ளுகிற வண்டி அதையும் குப்பையோடு குப்பையாக அள்ளிக்கொண்டு போகும், அதுதான் சரி.

சிகாகோக்காரன் | இரவு 10.05

பாஸ்டனில் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம் வரைக்கும் நாற்காலி வைக்கலாம், அதன் பிறகு மாநகராட்சியே எடுத்துப் போட்டுவிடும். சவுத் எண்ட் பகுதியில் மட்டும் அதுவும் கூடாது.

பனியை லேசாக எடுத்துக்கொண்ட மேயர் கதி என்ன என்பதற்கும் எங்கள் ஊர்தான் சாட்சி. 1979இல் பெரும் பனிக்குப் பிறகு தெருக்கள் அடைத்துக் கிடக்க, மேயர் மைக்கேல் பிலாண்டிக் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலிலேயே ஜேன் பர்னிடம் தோற்றார். 20 கோடி டாலர் என்று கணக்கு பார்க்கிற நண்பர் இதையும் செலவில் சேர்க்கட்டும்.

மினியாபொலிஸ்_மது | இரவு 10.20

எங்கள் முறைதான் எளிது என்று நினைக்கிறேன். பனி அவசரநிலை அறிவித்தால் மூன்று நாள் கணக்கு. முதல் நாள் இரவு 9 முதல் காலை 8 வரை அவசரநிலைச் சாலைகளில் (அதற்கென்று குறித்து வைத்த சாலைகளில்) இரண்டு பக்கமும் நிறுத்தக் கூடாது. இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டைப்படை வீட்டு எண் உள்ள பக்கம் கூடாது. மூன்றாம் நாள் அதே நேரம் ஒற்றைப்படைப் பக்கம். ஆரஞ்சுப் பலகையைத் தேட வேண்டாம், வீட்டு நம்பரைப் பார்த்தால் போதும். தெருப் பனியை முழுதாகத் தள்ளிவிட்டால் உங்கள் பக்கத்தில் விதி முடிந்துவிடும்.

எளிது என்றேன், ஆனால் நானே ஒரு தடவை இரண்டாம் நாளை மூன்றாம் நாள் என்று எண்ணி மாட்டிக்கொண்டேன். எல்லாரும் இழுபட்டிருக்கிறோம் தம்பி.

இரட்டையர்_அம்மா | திங்கள் காலை 6.40

இரவு முழுக்க இதை வாசித்தேன் (பிள்ளைகள் நித்திரை கொள்ளவில்லை). ஒருவர்கூட நடைபாதையைப் பற்றிக் கதைக்கவில்லையே. இரவு_லொறி மட்டும் ஒரு வரி சொன்னார், அதுவும் காருக்காக.

2025 பெப்ரவரி நினைவிருக்கிறதா? 13ஆம் திகதி ஒரு புயல், 16ஆம் திகதி இன்னொன்று, நாலு நாளில் 70 செ.மீ.க்கு மேல். எனக்கு அப்போது பிள்ளைகளுக்கு ஏழு மாதம். இரட்டைத் தள்ளுவண்டி. வீட்டிலிருந்து மருத்துவரிடம் போக ஆறு நிமிட நடை. நடைபாதை இல்லை, இருந்த இடத்தில் ஒற்றையடிப் பாதை. தள்ளுவண்டியோடு நடுத்தெருவில் பஸ்ஸுக்கு முன்னால் நடந்தேன். எதிரே ஒரு ஐயா சக்கர நாற்காலியில், அவரும் நடுத்தெருவில். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். எங்கள் தெருவை அள்ளி முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

கார் இழுபட்டால் காசு போகும். நடைபாதை அள்ளாவிட்டால் வயதானவர்கள் இடுப்பு எலும்பு போகும். கணக்குப்பிள்ளை அண்ணை, அந்த 20 கோடியை எனக்குக் காருக்கான செலவாகப் பார்க்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை | திங்கள் காலை 7.30

இதற்கு என்னிடம் பதில் இல்லை, தங்கச்சி. ரொறன்ரோவிலும் முன்பு நடுநகரப் பகுதிகளில் வீட்டுக்காரர்தான் தன் வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையை அள்ள வேண்டும் என்று இருந்தது. பாதிப் பேர் அள்ளுவார்கள், பாதிப் பேர் மாட்டார்கள். 2021 வின்டரிலிருந்து மாநகராட்சியே நகரம் முழுக்க நடைபாதை வண்டி விடுகிறது. அதற்குச் செலவு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். லொறியில் ஏற்றுவது பற்றித்தான் என் பேச்சு.

இரவு_லொறி | திங்கள் மதியம் 2.15

ஏற்றாவிட்டால் நடைபாதைப் பனியை எங்கே போடுவது அண்ணை? அதைத்தானே முதலில் தெருவுக்குத் தள்ளுகிறோம். ஸ்கார்பரோவில் வீட்டுக்கு முன்னால் புல்தரை இருக்கிறது, அங்கே ஒதுங்கும். மொன்றியலின் பிளாட்டோ, பார்க் எக்ஸ் பகுதிகளில் வெளிப்படிக்கட்டு இறங்கினால் நடைபாதை, நடைபாதை தாண்டினால் கார். ஒதுக்க இடமே இல்லை. இந்த நகரம் கட்டின விதத்துக்கு லொறிதான்.

இரட்டையர் அம்மா சொன்ன அந்த இரண்டு வாரமும் நாங்கள் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் ஓடினோம். சாதாரணமாக 20 செ.மீ. விழுந்தால் நாலைந்து நாளில் முடிகிற வேலை. அந்த முறை முதல் புயலின் பனியையே அள்ளத் தொடங்கவில்லை, அதற்குள் இரண்டாவது வந்து மேலே படுத்தது. பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: தெருவோரப் பனிக்குவியலுக்குள் குகை தோண்டி விளையாட விட வேண்டாம். ஊதுவண்டியில் இருப்பவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

புதுக்குளிர் | வியாழன் மாலை 6.10

வானிலை அறிக்கைப்படி நேற்று 18 செ.மீ. இன்று எங்கள் தெருவில் பலகை, மாலை 7 முதல் காலை 7, வலது பக்கம். இந்த முறை பார்த்துவிட்டேன்! ‘இன்ஃபோ நேஜ்’ செயலியையும் போட்டாயிற்று, தெருவாரியாக எது அள்ளியாச்சு, எது பாக்கி என்று காட்டுகிறது. ஒரு கேள்வி. வலது பக்கக் கார்கள் எல்லாம் இடது பக்கம் வந்துவிட்டன, இடமே இல்லை. எங்கே கொண்டு போக?

பார்க்_எக்ஸ் | மாலை 6.25

அள்ளுகிற இரவுகளில் சில வாகனத் தரிப்பிடங்களைக் குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுவார்கள். பட்டியல் மாநகராட்சிப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் மாலை 7 முதல் காலை 7 வரைதான், விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அங்கே விட்டுவிட்டுக் காலையில் நித்திரை கொண்டால் இன்னொரு ரிக்கற்.

அல்லது செயலியில் பார்த்து ஏற்கெனவே அள்ளி முடித்த தெருவில் விடுங்கள். பத்து நிமிட நடை. உங்கள் காரை அன்றைக்கு அவர்கள் கொண்டு போய் விட்ட இடத்தை நினைத்துப் பாருங்கள், அதே யோசனைதான்.

லவால்_அக்கா | மாலை 6.40

எடுப்பதற்கு முன்னால் கூரையில் உள்ள பனியையும் தட்டிவிடுங்கள். பனியைச் சுமந்துகொண்டு ஓட்டினாலும் பிடிப்பார்கள். எஞ்சினைப் போட்டுவிட்டுத் தோண்டுகிறவர் என்றால் புகைக்குழாய் வாயை முதலில் துப்புரவாக்குங்கள். அது அடைபட்டால் புகை காருக்குள் வரும், ஆளைக் கொன்றுவிடும்.

புதுக்குளிர் | வியாழன் இரவு 8.30

கூரை, புகைக்குழாய் எல்லாம் ஆயிற்று. மூன்று தெரு தள்ளி, அள்ளி முடித்த இடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். மைனஸ் 17. உப்பு போட்ட இடத்திலும் வழுக்குகிறதே?

இரவு_லொறி | இரவு 8.35

மைனஸ் 15க்குக் கீழே உப்பு சரியாக வேலை செய்யாது. அதனால்தான் சின்னக் கற்களைத் தூவுகிறோம். தட்டையாகப் பாதம் வைத்து, வாத்து மாதிரி நட. நான் இன்றைக்கு உங்கள் பக்கம்தான், பத்து மணிக்கு மேல் வருவோம்.

புதுக்குளிர் | இரவு 10.50

சைரன் கேட்கிறது. ஜன்னலில் நின்று பார்க்கிறேன். வலது பக்கம் ஒரே ஒரு கார் நிற்கிறது, கீழ் வீட்டில் இருக்கிற பாட்டியின் நீலக் கார். அவருக்குக் காது கேட்காது. பிரெஞ்சில் “உங்கள் கார்” என்பதற்கு என்ன சொல்வது, சீக்கிரம்?

பார்க்_எக்ஸ் | இரவு 10.51

‘வொத்ர் ஓட்டோ’. கதவைப் பலமாகத் தட்டுங்கள். சாவியை வாங்கி நீங்களே எடுங்கள், அவரை இறக்க வேண்டாம்.